தோட்டாவை யார் முடிவு பண்ணது?

டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ் கேள்வித்தாள், எந்த வருஷத்தோடது வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. பெரிய மார்க் கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். இவ்வளவு கிலோவாட், இவ்வளவு ஆர்பிஎம், இந்த மெட்டீரியல், ஷாஃப்ட்டோட விட்டம் கண்டுபிடி. நாமளும் டேட்டா புக்கைப் புரட்டி, ஃபார்முலாவில் போட்டு, வந்த விடையை அடுத்த ஸ்டாண்டர்டு சைஸுக்கு ஏத்தி எழுதிட்டு வந்துடுவோம். அந்த கிலோவாட் ஏன் அவ்வளவு, யார் அதை முடிவு பண்ணாங்க, கொஞ்சம் குறைச்சா என்ன ஆகும்? நாலு வருஷத்துல ஒரு தடவைகூட இதை யாரும் நம்மகிட்ட கேட்டதில்ல. நாமளும் திருப்பிக் கேட்டதில்ல.

இந்தக் கேள்வி எனக்குள்ள உட்கார்ந்தது ஒரு கைத்துப்பாக்கியைப் பத்திப் படிச்சப்போ. மக்காரோவ். சோவியத் ராணுவமும் போலீஸும் 1951-ல் இருந்து இடுப்பில் மாட்டிக்கிட்டு அலைஞ்ச துப்பாக்கி. காலேஜ் இதழ்ல துப்பாக்கிக்கு என்ன வேலைன்னு கேட்டீங்கன்னா, அந்தக் கேள்வி நியாயமானது, கடைசியில் அதுக்கு வர்றேன். நான் மக்காரோவைக் கையில் எடுத்துப் பார்த்தவனும் இல்ல. நம்மில் பெரும்பாலானவங்களுக்குத் துப்பாக்கி அனுபவம்னா என்சிசி கேம்ப்ல பாயிண்ட் டூ டூ ரைஃபிளோட முடிஞ்சிடும். எனக்கு அதுவும் இல்ல. நான் பார்த்தது கட்-செக்‌ஷன் அனிமேஷன்களும், பாகங்களைப் பிரிச்சுக் காட்டுற டிராயிங்குகளும்தான். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு அது போதும்.

முதல்ல அளவு. நீளம் 161 மில்லிமீட்டர். இப்போ நீங்க இதைப் படிச்சுக்கிட்டிருக்கிற போனோட உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். தோட்டா இல்லாம எடை 730 கிராம். மேகசின்ல 8 தோட்டா. (நம்ம இதழும் மேகசின், அதுவும் மேகசின். கிடங்குன்னு அர்த்தம் வர்ற அரபுச் சொல்தான் இரண்டுக்கும் மூலம்.) செமி ஆட்டோமேட்டிக். அதாவது ட்ரிகரை ஒரு தடவை அழுத்தினா ஒரே ஒரு குண்டு போகும். காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்துற வேலையை அதுவே பார்த்துக்கும்.

என்னை நிக்க வெச்சது அதைப் பிரிக்கிற விதம். சுத்தம் பண்றதுக்காகப் பிரிக்கிறதைத்தான் சொல்றேன். மேகசினைக் கழட்டி, உள்ள தோட்டா இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, ட்ரிகரைச் சுத்தி இருக்கிற வளையத்தைக் கீழே இழுத்து லேசா ஒரு பக்கம் சாய்க்கணும். மேல இருக்கிற ஸ்லைடைப் பின்னாடி இழுத்துத் தூக்கினா கையோட வந்துடும். குழல் மேல சுத்தியிருக்கிற ஸ்பிரிங்கை உருவினா முடிஞ்சது. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பின் தட்டுற சுத்தியல் வேண்டாம். வளையம், ஸ்லைடு, ஸ்பிரிங், அவ்வளவுதான். உறைஞ்ச விரலோட ஒரு சிப்பாய் இருட்டுல செய்ய முடியணும்னு நினைச்சுப் பண்ணின டிசைன் அது. இதைப் பார்த்துட்டு உங்க லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்க. விதவிதமான தலையோட பதினோரு ஸ்க்ரூ, அதுக்கு மேல உள்ளுக்குள்ள க்ளிப், அதையும் தாண்டினா பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பாங்க.

இந்த ட்ரிகர் வளையத்தைக் கீழே இழுக்கிற யோசனை மக்காரோவோட சொந்தச் சரக்கு இல்ல. ஜெர்மனியோட வால்தர் பிபி 1929-லேயே இதைப் பண்ணியாச்சு. மொத்த அமைப்பிலேயும் அந்த ஜெர்மன் துப்பாக்கியோட சாயல் நல்லாத் தெரியும். நிக்கோலாய் மக்காரோவ் பண்ணினது வேற. எடுத்துக்கிட்ட அமைப்புல இருந்து பாகங்களை ஒவ்வொண்ணாக் குறைச்சுக்கிட்டே போனார்.

பிடிக்குள்ள பின்பக்கமா ஒரு தட்டை ஸ்பிரிங் இருக்கு. வளைச்ச பட்டை மாதிரி. சுத்தியலை, அதாவது ஹேமரை அடிக்க வைக்கிறது அதோட ஒரு கிளை. ட்ரிகர் இணைப்புக் கம்பிக்கும் ஹேமரைத் தூக்குற நெம்புகோலுக்கும் விசை கொடுக்கிறது பக்கத்துல இருக்கிற இன்னொரு ஒல்லியான கிளை. கீழ் முனையை மடிச்சு விட்டிருக்காங்க, அந்த மடிப்புதான் மேகசினைப் பிடிச்சு வைக்கிற கொக்கி. வேற துப்பாக்கியில் இதுக்கெல்லாம் தனித்தனி ஸ்பிரிங், தனித்தனி பின், தனித்தனி பட்டன். இங்க ஒரே பட்டை.

அடுத்து ஸ்லைடு ஸ்டாப். கடைசித் தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடைப் பின்னாடியே நிறுத்தி வைக்கிற சின்ன நெம்புகோல். அதோட ஒரு நீட்டல்தான் காலிக் கூட்டை வெளியே தட்டி விடுற எஜெக்டர். சேஃப்டி லீவர் ஹேமரைப் பத்திரமா இறக்கி விடும், பூட்டும், ஸ்லைடையும் நகர விடாது. ஃபயரிங் பின் வெளியே வராம பிடிச்சு வைக்கிறதும் அதே லீவர்தான். குழல், குண்டுக்கு வழி காட்டுறதோட ஸ்பிரிங்குக்கு வழிகாட்டுற தண்டாவும் இருக்கு. பிடியோட பிளாஸ்டிக் உறை ஒரே துண்டு, ஒரே ஒரு ஸ்க்ரூ.

நம்ம சீனியர் ஒருத்தர் வைவால "பார்ட் கவுன்ட் ரிடக்‌ஷன்னா என்ன"ன்னு கேட்டதுக்கு டிஎஃப்எம்ஏ டெஃபனிஷனை மூச்சு விடாம ஒப்பிச்சாராம். இந்தத் தட்டை ஸ்பிரிங்கை ஒரு நிமிஷம் காட்டியிருந்தா போதும்னு எனக்குத் தோணும்.

சரி, இவ்வளவு குறைக்க முடிஞ்சது எப்படி? மக்காரோவ் புத்திசாலிங்கிறது பாதி பதில்தான். மீதிப் பாதி தோட்டாவுல இருக்கு. இங்கதான் விஷயம் நம்ம சிலபஸுக்குள்ள வருது, கொஞ்சம் கணக்குப் போடலாம்.

மக்காரோவ் தோட்டாவை 9×18-ன்னு சொல்வாங்க. 18 மில்லிமீட்டர்ங்கிறது கூட்டோட நீளம். இதுல பறந்து போற குண்டு சுமார் 6.1 கிராம், குழல் வாயில் வேகம் வினாடிக்கு சுமார் 315 மீட்டர். பெருக்கினா மொமென்டம் 1.92 கிலோகிராம் மீட்டர் பெர் செகண்ட். நியூட்டனோட மூணாவது விதிப்படி பின்பக்கமும் அவ்வளவு மொமென்டம் போயாகணும். அதை வாங்கிக்கிறது ஸ்லைடு. கணக்குக்காக ஸ்லைடோட எடை 300 கிராம்னு வெச்சுக்கலாம். ஸ்லைடு வினாடிக்கு 6.4 மீட்டர் வேகத்துல பின்னாடி கிளம்பும். இப்போ ஆற்றலைப் பாருங்க. குண்டுக்குச் சுமார் 300 ஜூல். ஸ்லைடுக்கு வெறும் 6 ஜூல். மொமென்டம் சமம், ஆற்றல்ல ஐம்பதுல ஒரு பங்கு. அந்த 6 ஜூலை ஒரு ஸ்பிரிங் வாங்கிக்கும், திருப்பிக் கொடுக்கும், அந்தத் திருப்பத்துல அடுத்த தோட்டா ஏறிடும். ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்லயே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தா நான் கடைசி பெஞ்சுல தூங்கியிருக்க மாட்டேன்.

இன்னொண்ணு. எடை விகிதம் ஐம்பதுக்கு ஒண்ணுன்னா, நகர்ற தூரத்துலயும் அதே விகிதம்தான். குழல் 93 மில்லிமீட்டர். குண்டு அதைக் கடந்து வெளியே போற வரைக்கும் ஸ்லைடு பின்னாடி நகர்றது இரண்டு மில்லிமீட்டருக்கும் கம்மி. அதாவது உள்ள அழுத்தம் உச்சத்துல இருக்கிறப்போ கூடு இன்னும் குழலோட பின்பகுதிக்குள்ளயேதான் இருக்கு. சுவர் தாங்குது, கூடு கிழியாது. அது வெளியே வர்றதுக்குள்ள குண்டு போயாச்சு, அழுத்தமும் இறங்கியாச்சு. இதுக்கு ப்ளோபேக்னு பேர். பூட்டு கிடையாது. ஸ்லைடோட சோம்பேறித்தனம்தான் பூட்டு. இனர்ஷியான்னு மரியாதையாச் சொல்லலாம்.

இப்போ லோடை மாத்திப் பாருங்க. உலகத்துல அதிகமாப் புழங்குற 9×19 தோட்டாவைப் போடுவோம். குண்டு 8 கிராம், வேகம் 350-க்குப் பக்கம். மொமென்டம் 2.8. அதே 300 கிராம் ஸ்லைடுன்னா வேகம் 9.3 ஆயிடும், ஆற்றல் 13 ஜூல், அதாவது இரண்டு மடங்குக்கு மேல. பழைய வேகத்துக்கே கொண்டு வரணும்னா ஸ்லைடு 430, 440 கிராம் ஆகணும். மேல மட்டும் 140 கிராம் கூடினா பாக்கெட் சைஸ்ங்கிற பேச்சே போச்சு. அது வேண்டாம்னா குழலையும் ஸ்லைடையும் கொஞ்ச தூரம் பூட்டி வெச்சு, குண்டு போனதும் பூட்டைத் திறக்கிற ஏற்பாடு வேணும். ஜான் பிரவுனிங் காலத்துல இருந்து இருக்கிற வழிதான் அது, நல்ல வழியும்கூட. ஆனா குழல் நகரணும், சாயணும், அதுக்கு லிங்க் வேணும், ஸ்லைடுக்குள்ள பள்ளம் வெட்டணும், டாலரன்ஸ் பார்க்கணும். மக்காரோவ்ல குழல் ஃபிரேமோட இறுக்கிப் பொருத்தியிருக்கு. அசையாது. அதனாலதான் ஸ்பிரிங்கை அதுமேலயே மாட்ட முடிஞ்சது. அதனாலதான் மூணு அசைவுல பிரிக்க முடிஞ்சது.

அப்போ அந்தக் கழட்டி மாட்டுற சுலபம், அந்தப் பாகக் குறைப்பு, எல்லாமே தோட்டாவோட 1.92-ல இருந்து ஆரம்பிக்குது. டிராயிங் போர்டுல முதல் கோடு விழறதுக்கு முன்னாடி எடுத்த முடிவு அது.

அந்த முடிவை எடுக்க முடிஞ்ச கதைதான் எனக்குப் பிடிச்ச பகுதி. இரண்டாம் உலகப் போர்ல சோவியத் அதிகாரிகள்கிட்ட இருந்தது ஃபியோதர் டோக்கரேவோட டிடி-33. அதோட தோட்டா 7.62×25. குண்டு சின்னது, வேகம் வினாடிக்கு 400 மீட்டருக்கு மேல, ஆற்றல் மக்காரோவைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். கைத்துப்பாக்கிக்கு எதுக்கு அவ்வளவு? ஒரு காரணம், அதே தோட்டாதான் பிபிஎஸ்எச்-41 மாதிரியான சப்மெஷின் கன்களுக்கும். ஒரே தோட்டாவை எல்லாருக்கும் அனுப்பலாம், போர்க்கால சப்ளைக்கு அது ரொம்ப வசதி. போர் முடிஞ்சதும் நிலைமை மாறுது. கலாஷ்னிகோவோட ரைஃபிள் 1949-ல வருது, சப்மெஷின் கன்னோட வேலையை அது எடுத்துக்குது. கைத்துப்பாக்கி இனிமே வேற யாரோடவும் தோட்டாவைப் பங்கு போட வேண்டியதில்ல. அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சுடுற தூரமும் ஒரு வராண்டா நீளம்தான். டிடி-யில சரியான சேஃப்டி லீவர்கூட இல்லைங்கிற குறை வேற.

யாரோ உட்கார்ந்து, "இவ்வளவு லோடு நமக்கு நிஜமாவே வேணுமா"ன்னு கேட்டிருக்காங்க. போரிஸ் ஸ்யோமின் 9×18 தோட்டாவை உருவாக்கினார். சாதாரண ப்ளோபேக் அமைப்பு ஒரு சின்னத் துப்பாக்கியில வசதியாத் தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்துல போய் நிக்கிற தோட்டா அது. அதுக்கு மேல போகல. போட்டியில மக்காரோவோட டிசைன் ஜெயிச்சது, இஷெவ்ஸ்க் ஆலையில உற்பத்தி ஆரம்பிச்சது.

ஒரு குறும்பும் இருக்கு. 9 மில்லிமீட்டர்னு பேர் இருந்தாலும் மக்காரோவ் குண்டோட விட்டம் சுமார் 9.27. மத்த நாட்டு 9 மில்லிமீட்டர் குண்டு 9.02-க்குப் பக்கம். குழலுக்குள்ள சுருள் பள்ளம் வெட்டியிருப்பாங்க இல்லையா, ரஷ்யர்கள் அதுல மேட்டுக்கு மேடு அளந்து பேர் வைக்கிறவங்க. குண்டு பள்ளத்தையும் நிரப்பணும், அதனால பேரைவிடக் கொஞ்சம் பெருசு. மெட்ராலஜி லேப்ல "எதுல இருந்து எதுவரை அளந்தே"ன்னு திட்டுறாங்களே, இதுக்குத்தான்.

மக்காரோவைக் கும்பிடச் சொல்லல. குறை நிறையவே இருக்கு. மேகசின் கொக்கி பிடியோட அடியில இருக்கிறதால அவசரத்துல மாத்துறது மெதுவாகும், இன்னொரு கையும் வேணும். அந்த ஒத்தை ஸ்பிரிங்கோட விலை அது. முதல் தடவை ட்ரிகர் இழுக்கிறது கனமா இருக்கும். குறி பார்க்கிற மேடு சின்னது. பூட்டு இல்லாததால உதை சுளீர்னு இருக்கும்னு சுட்டவங்க சொல்றாங்க. எல்லா இடத்துக்கும் இந்த லோடு போதவும் போதாது. 1965 மார்ச்சுல வஸ்கோத்-2 விண்கலம் குறிச்ச இடத்தைத் தாண்டி பெர்ம் பக்கத்துக் காட்டுல இறங்கிடுச்சு. லியோனோவும் பெல்யாயேவும் பனிக்காட்டுல இரண்டு ராத்திரி. ஓநாயும் கரடியும் திரியிற இடம், சர்வைவல் கிட்ல இருந்தது ஒரு 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. அது போதாதுங்கிற லியோனோவோட கவலை பின்னாடி டிபி-82 ஆச்சு. மூணு குழல், பின்னாடி மாட்டுற கட்டையைக் கழட்டினா வெட்டுக்கத்தி. 1986-ல இருந்து விண்வெளி வீரர்களோட போய் வந்தது. வேலை மாறினா லோடு மாறணும், லோடு மாறினா பொருளே வேற.

இதை மறந்து பழைய பொருள்லயே லோடை ஏத்தப் பார்த்தா என்ன ஆகும்ங்கிறதுக்கும் மக்காரோவ்லயே உதாரணம் இருக்கு. 1990-க்குப் பக்கத்துல பிஎம்எம்-னு ஒரு புது வடிவம் கொண்டு வந்தாங்க. 12 தோட்டா மேகசின், கூடவே அதிக அழுத்தம் உள்ள புதுத் தோட்டா. ப்ளோபேக் எல்லை ஏற்கெனவே நெருங்கியாச்சு, அதனால கூடு சீக்கிரம் வெளியே வராம இழுத்துப் பிடிக்க, அது உட்கார்ற அறைக்குள்ள சுருளா வரி வெட்ட வேண்டியதாச்சு. இது ஒரு ஒட்டுப்போட்ட வேலைதான்னு என் கருத்து. அதைவிடப் பெரிய சிக்கல், புதுத் தோட்டாவோட வெளி அளவு பழசு மாதிரியே இருந்தது. பழைய மக்காரோவுக்குள்ளயும் அழகாப் போய் உட்காரும். ஆனா அதைச் சுடுறது பழைய துப்பாக்கிக்கு நல்லதில்ல. நம்ம ஹாஸ்டல்ல 12 வோல்ட் ரவுட்டர்ல அதே சைஸ் பின் இருக்கேன்னு 19 வோல்ட் அடாப்டரைச் சொருகுற கதைதான். உள்ள நுழையுதுங்கிறது பொருந்துதுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. கடைசியில ரஷ்யாவே 2003-ல யாரிகின்ங்கிற வேற துப்பாக்கியை ஏத்துக்கிச்சு. தோட்டா 9×19, பூட்டு உள்ளது. லோடு வேணும்னு முடிவு பண்ணினதும் டிசைனை முதல்ல இருந்து போட்டாங்க, அதுதான் ஒழுங்கு.

இப்போ நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டுக்கு வாங்க. சோலார் புல்வெட்டி. முதல் ரெவ்யூவுல பானல், மோட்டார், பிளேடு. ரெண்டாவது ரெவ்யூவுல "நாவல்ட்டி எங்க"ன்னு கேட்டதும் ப்ளூடூத். மூணாவதுல ஒரு ஆப், ஒரு கேமரா, "ஏஐ மூலம் தடை கண்டறிதல்". பானல் எடை கூடி சக்கரம் புல்லுல புதையுது, அதுக்குப் பெரிய மோட்டார், அதுக்குப் பெரிய பேட்டரி. இந்தக் காலேஜ்னு இல்ல, எந்த ப்ராஜெக்ட் எக்ஸ்போவுக்குப் போனாலும் இதே ஊர்வலம்தான். எவ்வளவு பெரிய புல்தரை? எவ்வளவு உயரப் புல்? யார் தள்ளப் போறாங்க? தோட்டக்காரர் அண்ணன்கிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா மோட்டாரே வேண்டாம், பிளேடைக் கழட்டிச் சாணை பிடிக்கிற மாதிரி இருந்தா போதும்னு சொல்லியிருப்பாரோ என்னவோ. அந்தக் கேள்விக்கு மார்க் ஷீட்ல கட்டம் இல்ல. சேர்த்ததுக்கு மார்க் உண்டு. விட்டதுக்கு மார்க் கிடையாது. ஒரு டீம் எழுந்து "சார், இந்த அஞ்சு பாகத்தையும் எடுத்துட்டோம், ஏன்னா லோடையே பாதியாக் குறைச்சோம்"னு சொன்னா, "அப்போ என்னதான் பண்ணீங்க"ங்கிற பதில்தான் வரும்.

ரெவ்யூ ஃபார்ம்ல ஒரே ஒரு கேள்வி சேர்க்கணும்ங்கிறது என் கோரிக்கை: உங்க டிசைன் லோடு என்ன, அதை எப்படி முடிவு பண்ணீங்க. பதில் அரைப் பக்கம் போதும். ஃபார்முலா வேண்டாம்.

இனிமே ஆரம்பத்துல தள்ளி வெச்ச கேள்வி. இதையெல்லாம் சொல்றதுக்கு ஒரு கிரைண்டரையோ சைக்கிளையோ எடுத்திருக்கலாமே, ஆளைக் கொல்ற பொருள்தானா கிடைச்சது? என் ரூம்மேட் டிராஃப்ட்டைப் படிச்சதும் இதைத்தான் கேட்டான்.

எடுத்திருக்கலாம். ஆனா சைக்கிள்ல இந்தக் கேள்வி பாதியிலேயே நின்னுடும். லோடு எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு நாம கிளம்பிடலாம். துப்பாக்கியில கிளம்ப முடியாது. மேல நான் 1.92, 300 ஜூல்னு எழுதினப்போ அந்த 300 ஜூல் எங்க போய் நிக்கும்ங்கிறதைச் சொல்லாமயே கடந்து வந்தேன், நீங்களும் படிச்சுக்கிட்டே வந்தீங்க. அது ஒரு மனுஷன் உடம்புல போய் நிக்கணும்னுதான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாங்க. "இவ்வளவு லோடு வேணுமா"ன்னு கேட்டவங்க, இவ்வளவு கிட்டத்துல ஒரு ஆளை விழ வைக்க எவ்வளவு போதும்னுதான் கேட்டிருக்காங்க. குறைச்ச பாகம், மலிவான உற்பத்தி, எவர் கையிலும் சுலபமாப் பிரிச்சு மாட்டுற வசதின்னு நான் ரசிச்ச ஒவ்வொரு குணமும், அது சோவியத் எல்லையைத் தாண்டிப் பல நாட்டு உள்நாட்டுச் சண்டைகளுக்கும் போய்ச் சேர உதவின குணம்தான். கிழக்கு ஜெர்மனி, பல்கேரியா, சீனா எல்லாமே இதைச் சொந்தமாத் தயாரிச்சாங்க. நல்ல டிசைன் நல்லவங்ககிட்ட மட்டும் போகாது.

மக்காரோவ் இதைப் பத்தி என்ன நினைச்சார்னு நான் எங்கேயும் படிக்கல. 1988-ல காலமானார். ஆனா அதே இஷெவ்ஸ்க் ஊர்ல வேலை பார்த்த மிகயில் கலாஷ்னிகோவ் நினைச்சது பதிவாகியிருக்கு. வாழ்நாள் முழுக்க அவர்கிட்ட இதைக் கேட்டவங்களுக்கு, நாட்டைக் காக்கச் செஞ்சேன், தப்பாப் பயன்படுத்தினது அரசியல்வாதிகள்ங்கிற மாதிரியே பதில் சொல்லிக்கிட்டிருந்தார். கடைசிக் காலத்துல ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் ரைஃபிள் உயிர்களை எடுத்ததுன்னா அந்தச் சாவுகளுக்குத் தானும் பொறுப்பாங்கிற வலி மனசை அரிக்குதுன்னு அதுல கேட்டிருந்தார். அவர் 2013 டிசம்பர்ல இறந்ததுக்கு அப்புறம்தான் அந்தக் கடிதம் பத்திரிகையில வந்தது. நாட்டைக் காக்கிற ஆயுதம்னா சபை அதைச் செஞ்சவரையும் ஆதரிக்கும்ங்கிற மாதிரி சபைத் தரப்பு பதில் சொல்லிச்சு. அந்தப் பதில் எனக்குப் போதல. ஆனா என்னை அதிகம் தொந்தரவு பண்றது அவர் அதை எழுதின வயசு. தொண்ணூறுக்கு மேல.

நம்ம பேட்ச்லயே ட்ரோன் கம்பெனிக்கும் டிஃபென்ஸ் சப்ளையர் கம்பெனிக்கும் செலக்ட் ஆனவங்க இருக்காங்க. அவங்களைக் குத்திக் காட்ட இதை எழுதல. நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் வெகுளியும் இல்ல. ஆனா வேலையில சேர்ந்த முதல் வாரம் ஒரு ஸ்பெக் ஷீட் மேஜைக்கு வரும். பேலோடு இவ்வளவு கிலோ, தூரம் இவ்வளவு கிலோமீட்டர். டேட்டா புக்கை எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த பேலோடு என்னன்னு கேட்கிற பழக்கம் அன்னிக்குத் திடீர்னு வராது. புல்வெட்டியில கேட்டுப் பழகியிருந்தா ஒருவேளை வரலாம்.

ரூம்மேட் இதை ஒத்துக்கல. "ஸ்பெக் கொடுக்கிறது கிளையன்ட், முடிச்சுக் கொடுக்கிறது இன்ஜினியர். ஒவ்வொரு ஃப்ரெஷரும் லோடைக் கேள்வி கேட்க ஆரம்பிச்சா ஒரு பாலம்கூட எழும்பாது மச்சி"ங்கிறான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசியும் அவன் மாறல, நானும் மாறல. அடுத்த இதழுக்கு அவன் பக்கத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கேன். உங்களுக்கும் அவன் பக்கம்தான் சரின்னு பட்டா, அவனுக்கு முன்னாடி எழுதி அனுப்பிடுங்க. அவன் எழுதுற வேகத்துக்கு நாம பட்டம் வாங்கிட்டுப் போயிடுவோம்.